பாடசாலைப் பிள்ளைகளின் மருந்துச் சீட்டும் வருஷாந்தர தேகபரிசோதனையும்

கடன் பத்திரத்திற்குத் தவணை உண்டென்பதைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. இந்தியாவிலேயே முதலாவதென்று சொல்லப்படும் ஐக்கிய நாணயச் சங்கம் 1904-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 30-ந் தேதி பதிவானது, இன்றைய திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த திரூர்க் கிராமத்திலேயாகும். ஆகையால் தவணை, புதுப்பித்தல் என்னும் சொற்கள் இப்பக்கத்துக் குடிகளுக்கு நெடுநாட் பழக்கமானவை. ஆயினும் பிள்ளையின் மருந்துச் சீட்டுக்கும் தவணை உண்டென்பதைப் பலர் கவனிப்பதில்லை. தவணை தப்பிய கடன் அபராத வட்டியோடு தீரும். தவணை தப்பிய மருந்தினாலோ உயிருக்கே அபாயம் நேரலாம்.

மருந்து நீடித்து வேண்டுவோர்

பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை முதலியவை இங்கே கூறப்படுபவையல்ல. வலிப்பு நோய், இரைப்பு, இன்சுலின் வேண்டும் நீரிழிவு, இருதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் ஆகியவை கண்ட பிள்ளைகளுக்கு வருஷக் கணக்கில் மருந்து வேண்டும். வலிப்பு மருந்து திடீரென்று நின்றால் இடைவிடாத வலிப்பு உண்டாகக் கூடும். இன்சுலின் நின்றால் சில நாட்களுக்குள், சில வேளை ஒரே நாளில், பிள்ளை மயங்கி விழலாம். ருமாட்டிக் காய்ச்சலுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொரு முறை போடும் பென்சிலின் ஊசி தவறினால், காய்ச்சல் மீண்டும் வந்து இருதய வால்வுகள் மேலும் கெடும்.

புதுப்பிப்பதன் காரணம்

பயிர் வளர வளர நீரின் அளவு மாறுவதுபோல, பிள்ளை வளர வளர மருந்தின் அளவும் மாறும். கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 20 மில்லிகிராம் என்று ஒரு மருந்து விதிக்கப்பட்டதாகக் கொண்டால், 18 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 360 மில்லிகிராம் ஆகும். அடுத்த வருஷம் அப்பிள்ளை 22 கிலோவானால் 440 வேண்டும். பழைய சீட்டின்படியே கொடுத்தால் மருந்து கொடுத்தும் நோய் அடங்காது. மேற்கூறிய பென்சிலின் ஊசியும், சிறு பிள்ளைக்கு 6 லட்சம் யூனிட், சுமார் 27 கிலோவைக் கடந்தபின் 12 லட்சம் யூனிட் என்பதே பல வைத்தியர்கள் கைக்கொள்ளும் கணக்கு. இவ்வளவை மாற்றவேண்டியவர் வைத்தியரே. பெற்றோரோ உபாத்தியாயரோ தாமே கூட்டவும் குறைக்கவும் கூடாது.

பரிசோதனையும் சிகிச்சையும்

இந்தியாவில் பாடசாலைப் பிள்ளைகளின் வைத்தியப் பரிசோதனை 1909-ல் பரோடா நகரில் தொடங்கியது. எனினும் நாட்டில் இவ்வேற்பாடு ஏறக்குறைய இல்லையென்றே 1946-ல் போர் கமிட்டியார் அறிக்கை செய்தனர். 2013-ல் ஏற்பட்ட ராஷ்டிரீய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின்படி, வைத்தியர், நர்ஸ், மருந்தாளர் கொண்ட குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரு முறையும், சர்க்கார் பாடசாலைகளுக்கும் சர்க்கார் உதவி பெறும் பாடசாலைகளுக்கும் ஒரு முறையும் செல்லவேண்டும்.

இக்குழுவின் வேலை குறையைக் கண்டறிந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகும். "பரிசோதனை முடிந்துவிட்டது, சீட்டும் செல்லும்" என்று எண்ணுவது தவறு. 1902-ல் நியூயார்க் நகரத்து வைத்தியர்கள் நோயுற்ற பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கி வீட்டுக்கு அனுப்பினர். வீட்டில் சிகிச்சை நடவாததால் பிள்ளைகள் திரும்பவில்லை. லினா ரோஜர்ஸ் என்னும் நர்ஸ் நியமிக்கப்பட்டு, வீடு வீடாகச் சென்று சிகிச்சையைக் கவனித்த பின்னரே விலக்கப்படுவோர் தொகை பெரிதும் குறைந்தது. கண்டறிவது பாதி வேலை. தொடர்ந்து கவனிப்பதே மறு பாதி.

கைக்கொள்ள வேண்டிய முறை

முதலாவது: பாடசாலை ஜூன் மாதத்தில் திறக்குமுன், கோடை விடுமுறையிலேயே பிள்ளையைச் சிகிச்சை செய்யும் வைத்தியரிடம் அழைத்துச் சென்று எடை பார்க்கவேண்டும்.

இரண்டாவது: பிள்ளையின் பெயர், வயது, எடை, மருந்து, மில்லிகிராமில் அளவு, கொடுக்கும் வேளை, அவசரத்தில் செய்யவேண்டுவது, எத்தேதி வரை செல்லும் என்பவை கண்ட புதுச் சீட்டை வைத்தியர் கையொப்பத்துடன் பெறவேண்டும்.

மூன்றாவது: அதன் ஒரு பிரதியைப் பெற்றோரின் சம்மதக் கடிதத்துடன் தலைமை உபாத்தியாயரிடம் கொடுக்கவேண்டும். சீட்டும் சம்மதமும் இன்றி உபாத்தியாயர் மருந்து கொடுப்பது முறையன்று.

நான்காவது: மருந்தை அதற்குரிய டப்பாவிலேயே, காலாவதித் தேதி தெரியும்படி வைக்கவேண்டும். திறந்த இன்சுலின் குப்பி சாதாரணமாக நான்கு வாரமே உதவும். வெயிலில் வைத்தால் அதுவுமில்லை.

ஐந்தாவது: பாடசாலைப் பதிவேட்டில் "புதுப்பிக்கவேண்டிய தேதி" என்று ஒரு கலம் இருத்தல் நலம். அத்தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே பெற்றோருக்கு அறிவிப்புச் செல்லவேண்டும்.

தொழிற்பேட்டையும் செங்கற் சூளையும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை செய்து வரும் தகப்பனாருக்குக் காலை நேரத்து ஆஸ்பத்திரிக்குச் செல்வது கஷ்டம். செங்கற் சூளைகளுக்கு ஒரிஸ்ஸாவிலிருந்து வரும் குடும்பங்களோ, பொங்கலையொட்டி வந்து மழைக்கு முன் திரும்புகின்றன. இப்பிள்ளைகளுக்கு ஜூன் மாதக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் வந்து சேர்ந்த வாரமே பரிசோதனை நடக்கவேண்டும். ஊர் திரும்பும்போது சீட்டின் பிரதியும், வழிக்குப் போதிய மருந்தும் கையில் இருக்கவேண்டும். சீட்டு இங்கேயே தங்கிவிட்டால் அவ்வூர் வைத்தியர் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

சங்கம் செய்யக்கூடியது

மே மாதப் பஞ்சாயத்தார் கூட்டத்தில் இவ்விஷயத்தை நினைவூட்டலாம். வேலை காரணமாகச் செல்லமுடியாத அங்கத்தினரின் குடும்பத்துக்குத் துணையாக ஒருவரை அனுப்பலாம். பைலா இடங்கொடுத்தால் பொது நல நிதியிலிருந்து வழிச் செலவு தரலாம். குறைந்த விலையில் மருந்து விற்பதற்காக 2025 பிப்ரவரி 24-ந் தேதி தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களுள் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்று நடத்த முன்வந்தன. மருந்து விற்பனையும் சங்கங்களுக்குப் புதிதன்று. ஆனால் ஒன்று: எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்பதைக் கூட்டத்தில் வாசிக்கலாகாது. முக்கியமாக வலிப்பு நோய் கண்ட பெண் குழந்தையின் பெயர் வெளிப்பட்டால், அதன் தீங்கு நோயினும் நெடுநாள் நிற்கும்.

ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. சங்க எல்லைக்குள் உள்ள பாடசாலைக்குப் பரிசோதனைக் குழு கடைசியாக வந்தது எப்போது? ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அங்கே சென்றார்களா?

2. வீட்டிலுள்ள மருந்துச் சீட்டின் தேதி என்ன? அன்று பிள்ளையின் எடை எவ்வளவு? இன்று எவ்வளவு?

3. சூளையிலிருந்து பிள்ளைகள் ஊர் திரும்புமுன் அவர்களின் சீட்டைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது?