டிரம்முக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

பழைய கார் வாங்கியதும் ரிம் இடுக்கில் துருவேறிய பிரேக் டிரம் கண்ணை உறுத்தும். உடனே ஒரு டப்பா ஸ்பிரேயோடு என்னிடம் வரும் தம்பிகள் சிங்கப்பூரின் சாங்கியில் நிறைய. கடற்காற்று அடிக்கும் ஊர் இது. உப்பும் ஈரமும் வார்ப்பிரும்பைச் சும்மா விடாது. கறுப்பு அடித்தால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், நானும் ஆசைப்பட்டு அடிக்கிறவன்தான். ஆனால் டிரம்மைக் கழற்றும் நாள்தான் பிரேக்கின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கிடைக்கும் நாள். பெயிண்ட் வேலை அதற்குப் பிறகு.

1. ஜாக்கை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதே. ஸ்டாண்ட் வை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. இதில் பேச்சே கிடையாது.

2. டிரம் வர மறுத்தால் சுத்தியலை ஓங்காதே. பின்சக்கரம் என்றால் முதலில் ஹேண்ட்பிரேக்கை இறக்கினாயா என்று பார். அடுத்து அட்ஜஸ்டரைத் தளர்த்து. தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும். ஷூ அதில் மாட்டிக்கொண்டுதான் பிடிக்கும். மாரிஸ் மைனரில் டிரம்மை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும், அதைக் கவனிக்காமல் இழுத்துத் திணறியவர்களை எனக்குத் தெரியும். ஜப்பான் கார்கள் பலவற்றில் டிரம் முகப்பிலேயே மரை போட்ட இரண்டு ஓட்டைகள் உண்டு. அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முடுக்கினால் டிரம் தானாகக் கிளம்பி வரும். தட்டத்தான் வேண்டும் என்றால் வீல் போல்ட்டுகளுக்கு நடுவே தட்டு. விளிம்பில் தட்டினால் வார்ப்பிரும்பு சில்லு தெறிக்கும்.

3. ஓடாத வண்டிக்குத்தான் டிரம் சீக்கிரம் கெடுகிறது. 35 வயது தாண்டிய காரைக் கிளாசிக் திட்டத்தில் பதிந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்றால் லைனிங்கும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்ளும். பிறகு பலவந்தமாக நகர்த்தினால் லைனிங் ஷூவை விட்டுப் பெயர்ந்தே வந்துவிடும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி வை.

4. டிரம்மைத் திறந்ததும் உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் கண்டால் ஏர் அடித்து ஊதத்தான் கை போகும். ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. இருபது முப்பது ஆண்டு கழித்து நோயாக வந்து நிற்கும். நாங்கள் இளவயதில் வாயாலேயே ஊதினோம், யாரும் சொல்லித் தரவில்லை. உனக்கு நான் சொல்கிறேன். நல்ல மாஸ்க் போடு. பிரேக் கிளீனரால் நனைத்து ஈரத்துணியால் துடை, துணியைப் பையில் கட்டிப் போடு. ஈரமில்லாமல் உப்புத்தாளால் தேய்க்காதே.

5. ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பிரிக்காதே. எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று குழம்பினால் பிரிக்காத பக்கம் பார்த்துக்கொள்ள இருக்கும். டிரம் வெளியே இருக்கும்போது யாரையும் பெடலை மிதிக்க விடாதே, வீல் சிலிண்டரின் பிஸ்டன் துள்ளி வெளியே வந்துவிடும். அந்தச் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல உயர்த்திப் பார். உள்ளே ஈரம் இருந்தால் ஒழுகல் தொடங்கிவிட்டது. பிரேக் ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது. லைனிங் குடித்த எண்ணெய் சூட்டில் மறுபடி மேலே வரும். இரு பக்க ஷூவையும் சேர்த்தே மாற்று.

6. டிரம்மை விரலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் மெதுவாகத் தட்டு. நல்ல டிரம் சாங்கி வில்லேஜ் ராமர் கோயில் மணிபோல இழுத்து ஒலிக்கும். ‘டொக்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல். பெயிண்ட் அடித்து அதை மறைக்காதே, தூக்கிப் போடு. நன்றாக ஒலித்தாலும் உள்விட்டத்தை நாலு இடத்தில் அள. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வோர் அளவு வந்தால் டிரம் கோணியிருக்கிறது, மிதிக்கும்போது பெடல் காலில் துடிக்கும். 1962க்குப் பின் வந்த மாரிஸ் மைனர் 1000க்கு முன் டிரம் 8 அங்குலம், பின் டிரம் 7 அங்குலம். எதுவரை கடையலாம் என்ற உச்ச அளவு பிற்கால டிரம்களில் வார்த்தே இருக்கும். இல்லையென்றால் அந்த வண்டியின் மேனுவலைப் பார். லேத்தில் கொடுத்தால் இடமும் வலமும் ஒரே அளவு கடையச் சொல். 10 ஆண்டு கடந்த காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அங்கே உருளைமேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியாக அளப்பார்கள், ஒருபக்கம் இழுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். தேவைக்கு மேல் ஒரு மயிரிழை கூடக் கடையாதே. தேக்கா பக்கத்தில் சுங்கை ரோடு சந்தை இருந்தவரை மாற்று டிரம்முக்குப் பழைய சாமான் குவியலைக் கிளறிப் பார்க்க முடிந்தது. 2017 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்கள். கையில் இருக்கும் டிரம்மைக் காப்பாற்று.

7. பெயிண்ட் படக்கூடாத இடம் மூன்று: ஷூ உரசும் உள்வளையம், ஹப்பில் உட்காரும் முகம், சக்கரம் வந்து அமரும் முகம். முதல் இடத்தை எல்லோரும் மூடுவார்கள். மற்ற இரண்டை மறந்து நான் பட்ட பாட்டைக் கேள். இளவயதில் ஒரு மாரிஸுக்கு முகப்பு முழுக்கப் பளபளவென்று கனமாக அடித்து, நட்டை இறுக்கிக் கொடுத்தேன். மறுநாளே லோயாங் பக்கம் போனவர் சக்கரத்தில் ‘கடக் கடக்’ சத்தம் என்று திரும்பி வந்தார். சூட்டில் பெயிண்ட் நசுங்கி இடைவெளி விழுந்து நாலு நட்டும் தளர்ந்திருந்தன. அவர் கூடவே அவர் பிள்ளையும் உட்கார்ந்து வந்திருந்தான். இன்றும் நட்டை இறுக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

8. கம்பி பிரஷால் துருவை எடுத்து, கிளீனரால் துடைத்து, அன்றே அடித்துவிடு. இந்த ஈரக்காற்றில் சுத்தம் செய்த வார்ப்பிரும்பு ஓர் இரவில் செம்மை பூத்துவிடும். மழை மூட்டத்தில் அடிக்காதே. புளோக்குக்குக் கீழே கார்பார்க்கிலும் அடிக்காதே, மேலே பத்து வீட்டுத் துணி காய்கிறது. திறந்த பக்கம் கீழாகப் பலகைமேல் கவிழ்த்து வை, உள்வளையம் தானாக மூடிக்கொள்ளும். சாதாரண பெயிண்ட் சூட்டில் புகைந்து உரியும், வெப்பம் தாங்கும் பெயிண்டே வாங்கு. மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு போதும். தடிமனாக அப்பினால் டிரம் சூட்டை வெளியே விடாது. பிறகு ஆயில் ஊற்றும்போது கவனம்: டாட் 3, டாட் 4 இரண்டும் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

9. மாட்டும்போது உள்வளையத்தை விரலால் தொடாதே. தொட்டால் மறுபடி துடை. சக்கரத்தைச் சுற்றி மெல்லிய உரசல் கேட்கும்வரை அட்ஜஸ்டரை முடுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்து. 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கு.

10. ஞாயிறு விடிகாலை நிக்கோல் டிரைவில் ஆள் நடமாட்டம் குறைவு. 50 வேகத்திலிருந்து 20க்கு நிதானமாகப் பத்துத் தடவை பிரேக் பிடி, நடுநடுவே ஆறவிடு. பிறகு ஓரமாக நிறுத்தி இறங்கி, நாலு சக்கரத்துக்கும் அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோ, தொட்டுவிடாதே. இடமும் வலமும் ஒரே அனல் அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடுதலாகக் கொதித்தால் அங்கே ஷூ விடாமல் உரசுகிறது. ஆறியதும் மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வா, அந்த டிரம்மைத் திரும்பக் கழற்றிப் பார்ப்போம்.