ஒரு கிலோ காபிக் கொட்டைக்கு எத்தனை கிலோ பழம்?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் தோட்டப் பயிர்களை நடத்தும்போது காபி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு முந்திரியும் மல்லாட்டையும் தெரியும். காபி என்றால் கடையில் வாங்கும் பொட்டலம்தான். ஆனால், நம் ஊரில் சேலம் ரயில் ஏறினால் சேர்வராயன் மலையடிவாரம் வரை போய்விடலாம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்தார். பாடத்தை அங்கிருந்து தொடங்குகிறேன்.

மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழைக்குப் பின் பத்து நாளுக்குள் காபி பூத்துவிடும். அரபிகா பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்தே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வாட்டில் உருவிவிட்டால் கூலி குறைவு, சுவையும் குறைவு. பழுத்ததை மட்டும் பறிப்பதென்றால் அதே செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். பிறகு தோலை நீக்கி, புளிக்க வைத்து, வழுவழுப்பை அலசி, நன்றாகக் காய வைக்க வேண்டும். இப்படி வந்த காபியைச் சுவைத்து 100-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 80-க்கு மேல் பெற்றால்தான் அது ‘ஸ்பெஷாலிட்டி’ காபி.

சுமார் 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ கொட்டை கிடைக்கும். இதை நம்ப மறுக்கும் வகுப்பில், ஈர மல்லாட்டையை நிறுத்து, நான்கு நாள் காயவிட்டு மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலில் எடை குறைவது பிடிபடும்.

அடுத்தது கணக்கு. விலைகள் வகுப்புக்காக நாமே வைத்துக்கொண்டவை. 60 கிலோ பழத்தை கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் 3,000 ரூபாய். அதையே பக்குவப்படுத்தி 10 கிலோ கொட்டையாக்கி, கிலோ 400-க்கு விற்றால் 4,000. கூடுதல் கூலியும் செலவும் 900 போக மிஞ்சுவது 3,100. “நூறு ரூபாய்க்காகவா சார் இவ்வளவு வேலை?” என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. கிலோ 450 கிடைத்தால் லாபம் 600 ஆகிறது. தரத்துக்கு விலை கொடுப்பவர் கிடைக்காவிட்டால், கவனமாகப் பறித்த உழைப்புக்குக் கூலி தேறாது. சாதாரண அரபிகாவின் விலையோ நியூயார்க் சந்தையை ஒட்டி ஏறி இறங்கும். பிரேசிலில் உறைபனி விழுந்தால் ஏற்காட்டு விலையும் அசையும்.

சிறு விவசாயி தனியாக நின்று அப்படிப்பட்ட வாங்குபவரைத் தேட முடியாது. இங்கேதான் அரக்குப் பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டுகிறேன். ஆந்திராவில் இருந்தாலும் அதுவும் சேர்வராயனைப் போலக் கிழக்குத் தொடர்ச்சி மலைதான். காட்டை எரித்துச் செய்யும் ‘போடு’ சாகுபடிக்கு மாற்றாக அங்கே பழங்குடியினரிடம் காபி பரவியது. 2000-களின் தொடக்கத்திலிருந்து நாந்தி அறக்கட்டளை அவர்களோடு வேலை செய்து வருகிறது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். பழத்தைப் பொதுவில் பக்குவப்படுத்தினார்கள். 2017-இல் பாரிஸில் அரக்கு காபிக் கடை திறக்கப்பட்டது. 2019-இல் அரக்கு அரபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நிழலையும் விட்டுவிடக் கூடாது. சில்வர் ஓக், பலா போன்ற மரங்களின் கீழ்தான் அரபிகா நன்றாக வளரும். மரத்தில் மிளகுக் கொடியும் ஏறும். நிழல் குறைந்து வெயில் விழும் தண்டில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் முட்டையிட்டு, செடியையே சாகடிக்கும். மரத்தை வெட்டி விற்ற காசு செடியோடு போய்விடும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்காமல் விட்டால் காய்த் துளைப்பான் பெருகும். நீக்கிய பழத்தோலோ உரமாகும். அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டிய பகுதி இது.

வீட்டுப்பாடமாக அதே கணக்கை முந்திரிக்குப் போட்டுவரச் சொல்கிறேன். கொட்டையாக விற்றால் என்ன விலை, உடைத்துப் பருப்பாக விற்றால் என்ன விலை, உடைப்பவருக்குக் கூலி எவ்வளவு, ஒரு கிலோ பருப்புக்கு எத்தனை கிலோ கொட்டை வேண்டும்? இந்த எண்களை நான் தருவதில்லை. வீட்டிலும் கடைத்தெருவிலும் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.