வீதியோர வெள்ளைப் பூவை வளவில் வளர்ப்போம்

மே மாதம் பிறந்ததும் எம்மிற் பலர் பூக்கன்று விற்கும் இடங்களுக்குப் போய் 'மார்கரிட்' என்று எழுதிய சாடிகளை வாங்கி வருகிறோம். கோடை முழுவதும் பூக்கும். பின் உறைபனியிற் கரிந்து போகும். அடுத்த வருடம் திரும்பவும் வாங்குவோம். "இந்த நாட்டிலை எங்கடை கைக்கு ஒண்டும் சரிவராது" என்று சலித்துக்கொள்ளும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். நாமும் அப்படிச் சொன்னவர்கள்தான். பிழை கையில் இல்லை. அந்தச் சாடிச்செடியின் பிறப்பிடம் கனேரித் தீவுகள். உறைபனியை அது தாங்காது. டென்மார்க்கின் சொந்தப் பூ வேறு.

யூன் மாதத்தில் யூலாந்தின் வீதியோரங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அதுதான். டேனிஷ் மொழியில் 'வீத் ஒக்ஸஒய', அதாவது வெள்ளை எருத்துக்கண். தாவரவியற் பெயர் லியுகாந்திமம் வல்கேர். பேச்சு வழக்கில் இதையும் மார்கரிட் என்றே அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். 2024 ஜனவரி 14இல் முடி துறந்த இரண்டாம் மார்கிரேத மகாராணியாரின் செல்லப்பெயர் 'டெய்சி' என்பதும், 1940இல் அவர் பிறந்ததை முன்னிட்டு இப்பூவின் வடிவில் நகை செய்யப்பட்டதும் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய செய்திகள்.

ஒரு பூவைப் பறித்து, பூதக்கண்ணாடியால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். சுற்றியுள்ள ஒவ்வொரு வெள்ளை 'இதழும்' தனிப் பூவே. டேனிஷ்காரர் இந்தக் குடும்பத்தைக் கூடைப்பூக் குடும்பம் என்று சொல்வது பொருத்தமே. செவ்வந்தி, சூரியகாந்தி, ஊரில் ஈரநிலத்தில் முளைக்கும் கரிசலாங்கண்ணி எல்லாம் இதன் சொந்தக்காரர். பிள்ளையாரின் பாதத்தில் ஒன்றை வைத்தால் நூற்றுக்கணக்கில் வைத்த கணக்கு!

வளர்ப்பதில் நாம் விட்ட தவறைச் சொல்லிவிடுகிறோம். ஊரில் மாட்டெருவும் குழையும் தாழ்த்து மண்ணைக் கொழுக்க வைத்துப் பழகிய கை எங்களுடையது. அதனால் இங்கும் பை பையாகப் பசளை போட்டோம். புல் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. பூச்செடிகள் அதற்குள் மூச்சு முட்டி நின்றன, பூத்த சிலவும் சரிந்து விழுந்தன. நைதரசன் கூடினால் புல்லுக்குத்தான் கொண்டாட்டம். இந்தப் பூவுக்கு வேண்டியது வெயிலும், நீர் தேங்காத மெலிந்த மண்ணும். ஹேர்னிங் பக்கத்து மணல் மண்ணைக் குறை சொல்லும் அன்பர்களே, இந்தப் பூவுக்கு அது வரப்பிரசாதம்.

புற்றரையில் ஒரு பாய் அளவு இடத்தைத் தெரிந்து, புல்லை வேரோடு சீவி எடுத்து, மண்ணை வாரியால் கிளறுங்கள். ஏப்ரலிலோ, ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரிலோ விதைக்கலாம். விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். மண்ணால் மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். காலால் மெல்ல மிதித்துவிட்டு, முளைக்கும் வரை ஈரம் காயாமல் பார்த்தாற் போதும். முதல் வருடம் பெரும்பாலும் தரையோடு ஒட்டிய இலைக்கொத்து மாத்திரமே வரும். கரண்டி வடிவில், ஓரத்தில் பல்லுடைய கரும்பச்சை இலைகள். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதுவும் நடந்தது. பூ இரண்டாம் வருடம்.

இளங்கன்றுக்கு எதிரி ஓடில்லாத பழுப்பு நத்தை. 1991இல் டென்மார்க்கில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்த ஐபீரிய நத்தையை இங்குள்ளவர்கள் 'கொலைநத்தை' என்றே சொல்கிறார்கள். பொழுதுபட்ட பின் ஒரு வாளியுடன் போய்ப் பொறுக்குவதை விட நல்ல வழியை நாம் காணவில்லை.

திருவிழாக் காலமாகிய கோடையில்தான் இது பூப்பதால் பூசைக்கு மருந்தடிக்காத பூ வீட்டிலேயே கிடைக்கும். மணத்தை எதிர்பார்க்க வேண்டாம். மல்லிகையை நினைத்து முகர்ந்தால் முகம் சுளிப்பீர்கள். பூத்து முடிந்து விதை விழுந்தபின், ஓகஸ்ட் கடைசியில் எல்லாவற்றையும் வெட்டி, வெட்டியதை அள்ளி அப்புறப்படுத்துங்கள். அங்கேயே விட்டால் உக்கிப் பசளையாகி மீண்டும் புல்லுக்கே உதவும். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை கொத்தைப் பிரித்து நட்டால் செடி இளமையாக இருக்கும். மாடிவீட்டில் இருப்பவர்கள் அடியில் துளையுள்ள ஆழமான சாடியில், மண்ணோடு பாதி மணல் கலந்து வளர்க்கலாம்.

விதையை அயலவர்களுடன் பகிருங்கள். ஆனால் நுவரெலியாவில் உள்ள உறவினருக்குக் கடிதத்தில் வைத்து அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம். இதே பூ காஷ்மீர் மலைப் புல்வெளிகளில் வந்தேறு களையாகப் பரவி, அங்குள்ள சொந்தச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது.