கச்சேரியில் முருகனைக் கேட்பது எப்படி?



போன வாரம் நம்ம கிருத்திகைக் குழுவிலிருந்து ஒன்பது பேர் மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கு மாலைக் கச்சேரி கேட்கப் போனோம். போட்டோ பார்த்துட்டு நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "சங்கீதம் தெரியாம போய் உட்கார்ந்தா என்ன புரியும்? அதுல முருகன் எங்க வர்றார்?" தனித்தனியா பதில் போடறதைவிட இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

எங்களோட வந்த ஒரு தம்பிக்கு சங்கரன்கோவில் பக்கத்து கிராமம். பங்குனி உத்திரத்துக்கு காவடி எடுக்கிற குடும்பம். சென்னைக்கு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. சபா வாசல்ல பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி, கையில பாட்டுப் புத்தகம்னு கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கால் பின்வாங்கிடுச்சு. "அண்ணே, நீங்க போயிட்டு வாங்க. நான் கேண்டீன்ல இருக்கேன். இது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்ல." அவர் சொன்னதுல உண்மையே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வாசலைத் தாண்ட இன்னைக்கும் நிறைய பேருக்குக் கூச்சமாத்தான் இருக்கு. நான் வாதாடல. "கால் மணி நேரம் உட்காருங்க, பிடிக்கலைன்னா நானும் எழுந்து வர்றேன்"னு மட்டும் சொன்னேன்.

சரி, பாடத்துக்கு வருவோம். இன்னைக்கு நாம கேட்கிற கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தினவர்னு அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வாங்க. முதல்ல வர்ணம். அப்புறம் சில கீர்த்தனைகள். நடுவுல ஒரு ராகத்தை விரிவா எடுத்துப் பாடற பெரிய உருப்படி, அதோட சேர்ந்து தனி ஆவர்த்தனம். கடைசியில சின்னச் சின்னப் பாட்டுகள், மங்களம். சுமார் இரண்டரை மணி நேரம். இது தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும்.

இப்போ முருகன். அன்னைக்கு வர்ணம் முடிஞ்சு, முத்துசுவாமி தீட்சிதரோட கீர்த்தனை ஒண்ணு பாடினாங்க. அம்பாள் மேல, சமஸ்கிருதத்துல. நம்ம குழு அக்கா ஒருத்தர் "இதுல முருகன் இல்லையே"ன்னு காதுல கிசுகிசுத்தாங்க. "சரணம் வரைக்கும் பொறுங்க"ன்னேன். சரணத்துல "குருகுஹ"ன்னு ஒரு சொல் வந்தது. அக்கா சட்டுன்னு நிமிர்ந்து உட்கார்ந்தாங்க!

அதுதான் தீட்சிதரோட முத்திரை. பாட்டு சிவன் மேல இருக்கட்டும், அம்பாள் மேல இருக்கட்டும், பெருமாள் மேல இருக்கட்டும், கையெழுத்து மட்டும் குகன் பேர்ல. தீட்சிதர் (1775-1835) திருவாரூர்ல பிறந்தவர். திருத்தணி மலையில தியானத்துல இருந்தப்போ முதியவர் ஒருத்தர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி கற்கண்டு போட்டு மறைஞ்சார், வந்தவர் முருகனேன்னு உணர்ந்து பாட ஆரம்பிச்சார்னு வரலாறு சொல்வாங்க. அந்த முதல் கீர்த்தனை மாயாமாளவகௌளை ராகம். பாட்டு கத்துக்கிற குழந்தைங்க முதல் நாள் பாடற சரளி வரிசையும் அதே ராகம்தான்! இனிமே தீட்சிதர் கீர்த்தனை எதைக் கேட்டாலும் "குருகுஹ"வைத் தேடுங்க. மொழி புரியலைன்னாலும் அந்த ஒரு சொல் உங்க காதுல விழும்.

அன்னைக்கு பெரிய உருப்படி பாபநாசம் சிவனோட "சரவணபவ எனும்". ராகம் ஷண்முகப்ரியா, ஆதி தாளம். ஷண்முகனுக்குப் பிரியமானதுன்னு பேரே சொல்லுது. 72 மேளகர்த்தாவுல இது 56-வது. தீட்சிதர் பரம்பரையில இதையே சாமரம்னு சொல்வாங்க. தில்லானா மோகனாம்பாள் படத்துல வர்ற "மறைந்திருந்து பார்க்கும்" பாட்டும் இந்த ராகம்தான், யூடியூப்ல ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. ஆலாபனை ஆரம்பிச்சதுமே "ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி இருக்கே"ன்னு தோணும்.

ஆலாபனைக்குச் சொல் கிடையாது, தாளமும் கிடையாது. அதனால எதையும் எண்ணாதீங்க. பாட்டு தொடங்கினதும் எண்ணுங்க. ஆதி தாளம் ரொம்ப சுலபம்: தொடையில உள்ளங்கையால ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். நாலு ஆச்சா? அப்புறம் ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. இதை விடாம போட்டா, அடுத்து வர்ற நிரவல் தானா புரியும். நிரவல்னா ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடறது. ஒவ்வொரு தடவையும் இசை மாறும், சொற்கள் தாளத்துல உட்கார்ந்த இடம் மட்டும் மாறாது. நம்ம ஆளுங்க சிலர் "ஏன் ஒரே வரியையே பாடறாங்க"ன்னு நெளிஞ்சாங்க. நாம ஜபத்துல ஒரே நாமத்தை 108 தடவை சொல்றோமே, அப்போ நெளியறோமா என்ன? கிட்டத்தட்ட அதே வேலைதான் இது.

தனி ஆவர்த்தனம் தொடங்கினதும், வழக்கம்போல பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்து போச்சு. (இந்தப் பழக்கம் எனக்கு சுத்தமா பிடிக்காது. மிருதங்கக்காரரும் கடம்காரரும் அதுவரைக்கும் அடுத்தவங்க பாட்டுக்கு வாசிச்சிட்டு, தங்களுக்குன்னு கிடைச்ச கொஞ்ச நேரத்துலதான் மனசைத் திறக்கிறாங்க.) கேண்டீனுக்குப் போறேன்னு சொன்ன நம்ம தம்பி மட்டும் அசையல. அவர் வளர்ந்தது நையாண்டி மேளத்துல, தவிலும் பம்பையும் கேட்டு. ராகம் பேரெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனா கடைசியில கோர்வையை மூணு தடவை வாசிப்பாங்க இல்லையா, அதுல ரெண்டாவது தடவையே அவர் பிடிச்சிட்டார். மூணாவது தடவை முடியற இடத்துல மிருதங்கத்தோட அவர் கையும் தொடையில சரியா விழுந்தது. எனக்கு அரை அடி தள்ளித்தான் விழுந்தது, அது வேற விஷயம்.

கடைசியில சின்னப் பாட்டுகள் வரிசையில ஒரு காவடிச்சிந்து. அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல பாடினது. அவர் பிறந்த சென்னிகுளம் நம்ம தம்பி ஊர்ல இருந்து பஸ்ல போற தூரம். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரிச்சவர். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனப்போ கூடவே நடந்து பாடினதுன்னு சொல்வாங்க. நடக்கிறவன் கால் போடற தாளம் அதுல இருக்கும். தம்பி தன்னை மறந்து சன்னமா கூடவே பாட ஆரம்பிச்சிட்டார். முன் வரிசை மாமி திரும்பினாங்க. சத்தம் போடாதேன்னு சொல்லப் போறாங்கன்னு நினைச்சோம். "உங்க ஊர்லயும் இதே மெட்டாப்பா?"ன்னு கேட்டாங்க. "இல்லைங்கம்மா, இன்னும் வேகமா இருக்கும். காவடி ஆடணும்ல"ன்னார் தம்பி. மங்களம் முடிஞ்சு அந்த அம்மா அவரை உட்கார வச்சு அந்த வேகத்துல பாடச் சொல்லிக் கேட்டாங்க. நாங்க எட்டு பேரும் செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல காத்துக்கிட்டு நின்னோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். இந்தக் கடைசிப் பகுதியைத் துக்கடான்னு சொல்வாங்க. தமிழ்ப் பாட்டுன்னா துக்கடாவுலதான் வரணுமாங்கற கோபம் பழசு. அதுலதான் தமிழிசை இயக்கம் பிறந்தது, ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியில 1943-ல சென்னையில தமிழ் இசைச் சங்கம் வந்தது. பாபநாசம் சிவனும், 72 மேளத்துலயும் முருகன் மேல தமிழ்ல பாடின கோடீஸ்வர ஐயரும் இருக்கும்போது, அந்தக் கோபம் நியாயம்தான்னு நான் நினைக்கிறேன். திருப்புகழ் இன்னும் பெரும்பாலும் கடைசியிலதான் வருது. அன்னைக்கும் அப்படித்தான், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு.

திருப்புகழைக் கேட்க ஒரு சின்ன வழி சொல்றேன். அருணகிரிநாதர் பாடின பழைய மெட்டுகள் நமக்குக் கிடைக்கல. இப்போ நாம கேட்கிறது பின்னால வந்தவங்க அமைச்ச ராகங்கள். ஆனா சந்தம் தொலையவே இல்ல, அது எழுத்துக்குள்ளயே பூட்டி இருக்கு. குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு, குறிலோட ஒற்று சேர்ந்தா அதுக்கும் ரெண்டுன்னு எண்ணிப் பாருங்க. "தானன" நாலு. "தத்தன" கூட நாலுதான். ஆனா வாயில ரெண்டும் ஒண்ணா இருக்கா? "தத்தன"வுல வல்லினம் இடிக்கும், "தந்தன"வுல மெல்லினம் தழுவும். ஒவ்வொரு அடியோட கடைசியிலும் தனியா "தனதான" மாதிரி ஒரு துண்டு வரும், அதுக்குத் தொங்கல்னு பேரு. அதைக் கண்டுபிடிச்சிட்டா அடி எங்க முடியுதுன்னு தெரிஞ்சிடும்.

டிசம்பர் 31 ராத்திரி திருத்தணி படித் திருவிழாவுக்கு நம்ம குழு வழக்கம்போல போறோம். 365 படி. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வச்ச வழிபாடு இது. வர்றவங்க ஆளுக்கு ஒரு திருப்புகழ் எடுத்து, பாடறதுக்கு முன்னாடி அதோட சந்தத்தை எண்ணிட்டு வாங்க. தம்பி உடுக்கை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்.

அடுத்த கச்சேரிக்கு வர விருப்பம் இருந்தா குழுவுல பேர் போடுங்க. மாலைக் கச்சேரிக்குப் பெரும்பாலும் டிக்கெட் உண்டு, மதியக் கச்சேரிகள் பல சபாக்கள்ல இலவசம். போனை சைலண்ட்ல போட்டுட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை!