கூரையில் குளவிக்கூடா? சுண்ணாம்பைத் தேடும் முன் இதைப் படியுங்கள்!

"டாக்டர், மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில ஒரு குளவிக்கூடு. தீயை வச்சுக் கொளுத்திரலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு இல்லத்தரசி போன் செய்து கேட்டது இது. "முதல்ல தீப்பெட்டியை அவர் கையிலேருந்து வாங்கி வையுங்கம்மா. மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காரணம், குளவி விஷயத்தில் நானே ஒரு தடவை சூடு பட்டவன்.

நடந்து முப்பது வருஷம் இருக்கும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்த புதிது. அய்யனார் கோவில் போகிற வழியில் மாந்தோப்புகள் நிறைய உண்டு. மாம்பழ சீசன். ஒரு தோப்புக் காவலாளியைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். காய் பறிக்கும்போது கழுத்தில் இரண்டு இடத்தில் குளவி கொட்டியிருந்தது.

"போன வருஷமும் கொட்டுச்சு சாமி. கை தலகாணி மாதிரி வீங்குச்சு. நாலஞ்சு நாள்ல வத்திருச்சு. இப்ப என்னமோ தொண்டையை அடைக்குது" என்றார்.

கடைசியாகச் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் முக்கியம். அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நான் பாட்டுக்குத் தும்பை இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். எட்டிப் பார்த்தவர், காவலாளியின் முகத்தைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "தம்பி, இலையைக் கீழே போடுங்க. உதடு வீங்குது, உடம்பெல்லாம் தடிப்பு. ஒரு காரைப் பிடிங்க!"

அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அங்கே போட்ட ஒரு அட்ரினலின் ஊசிதான் அவரைக் காப்பாற்றியது. இன்னும் பத்து நிமிஷம் நான் இலை கசக்கியிருந்தால்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அன்று கற்ற பாடத்தைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் குளவி?

எல்லாக் குளவியும் ஒன்றல்ல. முதலில் ஆளை அடையாளம் தெரிந்து கொள்ளுங்கள்.

*மண்குளவி:* மெல்லிய இடுப்பு, தனியாகத் திரியும். ஜன்னல் சட்டம், பீரோவின் பின்புறம், பிளக் ஓட்டை என்று எங்கேயாவது ஈர மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டும். இது பரம சாது. கையால் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. 'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் நடப்பது வேறு. தாய்க்குளவி ஒரு புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயங்க வைத்து, கூட்டுக்குள் வைத்து, கூடவே முட்டையும் இட்டு, வாயை மண்ணால் பூசிவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. உள்ளே போனது புழு, வெளியே வருவது குளவி. பார்த்தவர்கள் புழுதான் குளவியாக மாறிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்!

மண்குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் குளவி பறந்து போய்விட்டது என்று அர்த்தம். சுரண்டி எடுத்துவிடலாம். பிளக் ஓட்டையில் கட்டியிருந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

*காகிதக் கூட்டுக் குளவி:* மரத்தைச் சுரண்டி மென்று, சாம்பல் நிறக் காகிதம் போலக் கூடு கட்டும். சன்ஷேடுக்கு அடியில், மோட்டார் ரூமில், செம்பருத்திச் செடியில், பூட்டிக் கிடக்கும் கதவில் இதைப் பார்க்கலாம். கூட்டமாக வாழும். கூட்டைத் தொட்டாலோ ஆட்டினாலோ கொட்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தது இந்த வகைக் குளவி ஒன்றைப் பற்றித்தான்.

*கதண்டு:* நம் தென்மாவட்டங்களில் கடந்தை என்பார்கள். கருப்பு உடம்பில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் பட்டை போட்டிருக்கும். பனைமரம், தென்னை, மரப்பொந்து, மண் பொந்து, பாழடைந்த கட்டடம் இவைதான் இதன் இருப்பிடம். மேலே சொன்ன காகிதக் கூட்டுக் குளவிகளின் குஞ்சுகளைக்கூட இது சூறையாடித் தின்றுவிடும். உயிருக்கே ஆபத்து உண்டாக்கக் கூடியது இதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் 'யெல்லோ ஜாக்கெட்' என்று ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அதுவும் குளவி வகைதான். அங்கே குளிர்காலம் வந்தால் கூட்டம் செத்துப் போகும், புதிய ராணிகள் மட்டும் பதுங்கிப் பிழைக்கும். நம் ஊரில் பனியா உறைகிறது? காகிதக் கூட்டுக் குளவி வருஷம் முழுக்கவே குடித்தனம் நடத்தும். அதனால் 'தானாகப் போய்விடும்' என்று காத்திருப்பது நமக்கு எப்போதும் பலிக்காது.

கொட்டியதும் என்ன நடக்கிறது?

கொட்டுவது பெண் குளவி மட்டுமே. தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும், தேனீ செத்துப் போகும். குளவியின் கொடுக்கு பெரும்பாலும் தங்காது. அதனால் ஒரே குளவி பல தடவை கொட்ட முடியும். ஒன்றை நசுக்கினால் அதிலிருந்து கிளம்பும் வாசனை மற்றக் குளவிகளையும் சண்டைக்கு அழைக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் நின்று குளவியை அடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பெரும்பாலானவர்களுக்கு வலி, சிவப்பு, வீக்கம், அரிப்பு இவற்றோடு முடிந்துவிடும். வீக்கம் இரண்டு நாள் வரை கூடிக்கொண்டே போய், ஒரு வாரத்தில் வடிவதும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

சிலருக்கு மட்டும் ஒவ்வாமை. முதல் தடவை கொட்டும்போது உடம்பு அந்த விஷத்தை 'எதிரி' என்று பதிவு செய்து கொள்கிறது. அடுத்த தடவை துளி விஷம் போதும், உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் கொந்தளித்துவிடும். ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இந்த விபரீதத்தை 1902-ல் நாய்களுக்குக் கடல் உயிரியின் நஞ்சைச் செலுத்திக் கண்டறிந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு விஞ்ஞானி சார்லஸ் ரிஷே. அதற்காக 1913-ல் நோபல் பரிசு பெற்றார். 'எனக்கு முன்னாடியே கொட்டியிருக்கு, ஒண்ணும் ஆகலை' என்பது ஒரு பாதுகாப்பே இல்லை. என்னிடம் வந்த காவலாளியும் அதையேதான் சொன்னார்.

சுண்ணாம்பு வேண்டாம்

நம் வீடுகளில் குளவி கொட்டினால் கை முதலில் வெற்றிலைப் பெட்டிக்குத்தான் போகும். 'தேனீ விஷம் அமிலம், குளவி விஷம் காரம், அதுக்கு இது, இதுக்கு அது' என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். விஷம் தோலுக்கு உள்ளே போய்விட்டது. மேலே பூசுவது அதைப் போய்த் தொடாது. சுண்ணாம்பு தோலை வேக வைக்கும், அதுவும் குழந்தைகளின் மென்மையான தோலை. மண்ணெண்ணெய், பேட்டரி மருந்து, சாணம் எதுவும் வேண்டாம். குளவிக்கூட்டு மண்ணைக் குழைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடும் வழக்கம் கிராமங்களில் உண்டு. கொட்டின காயத்தின் மேல் மண் போனால் சீழ் பிடிக்க வழி.

பிறகு என்ன செய்யலாம்?

* முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.
* கொடுக்கு இருந்தால் நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள்.
* சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள்.
* சோற்றுக் கற்றாழைச் சோறோ, சந்தனக் குழம்போ பூசினால் எரிச்சலுக்கு இதமாக இருக்கும். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பதும், தும்பைச் சாறு பூசுவதும் நம் பாட்டி வைத்தியம். ஒன்றிரண்டு கொட்டு, வெறும் வலி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அது வலிக்குச் சமாதானமே தவிர, ஒவ்வாமைக்கு மருந்து அல்ல. சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன்.
* ஒரு மணி நேரமாவது அவரைத் தனியே விடாமல் கவனியுங்கள்.

ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாத நேரம்

* கொட்டின இடம் தவிர உடம்பெங்கும் தடிப்பு, அரிப்பு
* உதடு, கண் இமை, நாக்கு வீக்கம், குரல் கம்முதல், தொண்டை அடைப்பு
* மூச்சுத் திணறல், இழுப்பு
* வாந்தி, வயிற்றைப் பிசைதல், தலைசுற்றல், மயக்கம்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி போடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 'சரியாப் போச்சு, வீட்டுக்குப் போறோம்' என்று அவசரப்படாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வருவது உண்டு.

ஒவ்வாமையே இல்லாதவர்களுக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. கதண்டுக் கூட்டம் மொய்த்துக் கொட்டினால் விஷத்தின் அளவே தசையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பத்துக் கொட்டுக்கு மேல் என்றால், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதற்குக் குறைவாகவே இருந்தாலும், தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடுத்த சில நாட்களில் சிறுநீர் குறைந்தாலோ, காப்பி நிறத்தில் போனாலோ உடனே திரும்பப் போக வேண்டும். வாய்க்குள், தொண்டையில், கண்ணில் கொட்டினாலும் அப்படியே.

கூட்டை என்ன செய்வது?

தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். கூரையும் வைக்கோல் போரும் எரியும். கூடு எரிவதற்குள் குளவி உங்கள் மேல் இருக்கும். கல் எறிவதும், கம்பால் குத்துவதும் அதே கதைதான்.

சன்ஷேடு, மோட்டார் ரூம், தண்ணீர்த் தொட்டி இவற்றை வாரம் ஒருமுறை கண்ணால் ஒரு சுற்றுப் பாருங்கள். ரூபாய் நாணய அளவில் கூடு, ஒன்றிரண்டு குளவி என்றால், உடம்பை மூடிக்கொண்டு, இருட்டிய பின் நீளமான கம்பால் தட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திவிடலாம். ஏணி மேல் நின்று செய்யாதீர்கள். ஒவ்வாமை உள்ளவர் இதைச் செய்யவே கூடாது. கூடு பெரிதாகிவிட்டால், அல்லது அது கதண்டு என்றால், நீங்கள் கை வைக்க வேண்டாம். 101-க்குச் சொல்லுங்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கூட்டம் துரத்தினால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நேராக ஓடி வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்துவிடுங்கள். தோப்புக் கிணற்றில் குதித்துத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். குளவி மேலேயே சுற்றும். நீச்சல் தெரியாவிட்டால் அதுவே எமன்.

விழுந்து அழுகிய மாம்பழங்களை அன்றன்றே கூட்டி அள்ளுங்கள். வெல்லம், பால்கோவாவை மூடி வையுங்கள். திறந்து வைத்த கூல்டிரிங்ஸ் பாட்டிலைப் பார்க்காமல் வாயில் வைக்காதீர்கள்.

கூடு தொந்தரவில்லாத தூரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் பருத்திக் காட்டிலும் காய்கறித் தோட்டத்திலும் புழுக்களைப் பிடித்துத் தின்பவை குளவிகள். ஆல், அரசு, அத்தி காய்ப்பதே கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் குளவி மகரந்தம் சுமப்பதால்தான். செண்பகத்தோப்புப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-ல் புலிகள் காப்பகமும் ஆன காடு அது. அங்கே நாம்தான் விருந்தாளி. பாறையிலும் மரத்திலும் தொங்கும் தேன்கூடு, குளவிக்கூடு எதையும் சீண்டக் கூடாது.

போன் செய்த அம்மா வீட்டுக் கூடு என்ன ஆயிற்று என்கிறீர்களா? பெரிய கூடுதான். தீயணைப்பு வீரர்கள் வந்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தீப்பெட்டி சாமி மாடத்தில் விளக்கேற்ற இருக்கிறது. அதற்கு அதுதான் சரியான இடம்.

அந்தத் தோப்புக் காவலாளி இன்றும் இருக்கிறார். மாம்பழ சீசனில் ஒரு பை பழத்தோடு வருவார். "சாமி, தும்பை இலை இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு பழத்தை வாங்கிக் கொள்வேன்.