அகாஸ்வேரு யார்?

"எஸ்தரின் புருஷன் அகாஸ்வேரு சரித்திரத்தில் இல்லையே பாஸ்டர்?" என்று வாலிபர் கேட்கிறார்கள். இருக்கிறான், உச்சரிப்புதான் வேறே. பெர்சியர் க்ஷயார்ஷா என்றதை எபிரெயர் அகஷ்வேரோஷ் என்றார்கள். கிரேக்கர் செர்க்சஸ் ஆக்கிவிட்டார்கள். கி.மு. 486 முதல் 465 வரை அரசாண்டான்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். 3-ம் வருஷம் சூசானில் விருந்து (எஸ்தர் 1:3). 7-ம் வருஷந்தான் எஸ்தர் ராஜாவிடம் போகிறாள் (2:16). நடுவிலே நாலு வருஷம் என்ன நடந்தது? கி.மு. 480-ல் கிரேக்கர்மேல் படையெடுத்துப்போய், சாலமிஸ் கடற்போரில் தோற்றான்!

தோற்றுத் திரும்பின அந்த ராஜாவின் அரமனையிலேதான் தாய் தகப்பனில்லாத ஒரு யூதப் பெண் ராஜாத்தியானாள். அந்தப் புஸ்தகத்தில் தேவனுடைய நாமம் இல்லை. அவர் கரம் இருக்கிறது. அல்லேலூயா!