விளையாட்டில் வரும் சாரைப்பாம்பு

கேள்வி: எங்கள் பக்கத்து விலங்குகள், பறவைகள் பற்றி ஊர் மக்களுக்கு விளையாட்டு மூலமே சொல்லிக்கொடுக்க முடியுமா?
– ஓர் ஆசிரியை, கரிவலம்வந்தநல்லூர்

பதில்: தாராளமாக. சாலி வாக்கர் 1985-ல் தொடங்கிய, கோவையில் இயங்கும் ஜூ அவுட்ரீச் நிறுவனம், யானையோடு ஒத்துவாழும் பயிற்சியை முகமூடி, நாடகம், விளையாட்டு என்றே வடிவமைத்தது. யானை முகமூடி மாட்டிய விவசாயி கொஞ்ச நேரமாவது யானைக்காகப் பேசியாக வேண்டும். துண்டுப்பிரசுரத்தால் அது நடக்காது.

உங்களுக்கு ஒரு நூல்கண்டு போதும். பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி நிலக்கடலை, எலி, சாரைப்பாம்பு, ஆந்தை என்று பெயர் வையுங்கள். தின்பவர் கைக்குத் தின்னப்படுபவர் நூலைக் கொடுக்கட்டும். திடீரென்று, "சாரையை அடித்துவிட்டார்கள்" என்று சொல்லி அந்தப் பிள்ளையை நூலை விடச் சொல்லுங்கள். எலியின் கையில் நூல் தொய்ந்து விழும். அடுத்து நிலக்கடலை என்னவாகும் என்று கேளுங்கள். பதிலை அவர்களே சொல்வார்கள்.

பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதைப்பைக் கிளறும் மயில்மேல் அவர்களுக்குள்ள கோபத்தைக் கொட்டட்டும், அடக்காதீர்கள். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட கடை அட்டைகள் மட்டும் வேண்டாம். அவை நம் காட்டில் இல்லை.

விளையாட்டோடு நின்றுவிடாமல் நேரிலும் பார்க்க வையுங்கள். ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள், பெரிய பிள்ளைகளை அழைத்துப்போங்கள்.